சொன்னது: பெரியவள்

"வர்றேன்" என்று ஒரே வார்த்தையில் சின்னவள் பதில் அனுப்பி நான்கு நாட்கள் ஆகிவிட்டன.

ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் காலையில், காலில் செருப்புகூட மாட்டாமல் வீட்டை விட்டுப் போனவள் அவள். இப்போது இன்னொரு கிறிஸ்துமஸுக்குத் திரும்பி வருகிறாள். கூப்பிட்டது தம்பி. அதனால் வீட்டில் எல்லாரும் அவனைப் பெரிய மனசுக்காரன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவனும் மறுக்கவில்லை.

பெரியவளுக்கு மட்டும் விஷயம் தெரியும். தங்கை வரும் காட்சி தம்பிக்கு வேண்டியிருந்தது. அதற்கு ஒரு தங்கை தேவைப்பட்டாள், அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸ் அன்று காலை பத்து மணிக்குப் பெரியவள் தன் பட்டறையில் இருந்தாள். இருபத்திரண்டு வருடமாகப் பல்செட் செய்கிறாள். விடுமுறை நாள், வேறு யாரும் வரவில்லை. அலமாரியில் வரிசையாக அடுக்கியிருந்த பிளாஸ்டர் தாடைகள் மட்டும் அவளைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தன. ஒரு பெரியவருடைய கீழ்ச்செட் ஈறில் குத்துகிறதென்று திரும்பி வந்திருந்தது. "இன்னைக்கு ஒரு வேளையாவது கடிச்சுச் சாப்பிட்டுடறேம்மா" என்று முந்தின நாள் அவர் போனில் கெஞ்சியிருந்தார். விளிம்பை ராவிவிட்டு, சுழலும் பஞ்சு உருளையில் அதைப் பிடித்து மெருகேற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தம்பி.

"அக்கா, எங்க இருக்க? வீடியோக்காரர் வந்தாச்சு."

"பல்லு தேய்ச்சிட்டிருக்கேன்."

"பத்து மணிக்கா?"

"என் பல்லு இல்லடா."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மேடையில் மட்டும்தான் அவனுக்குச் சிரிப்பு வரும். "சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டுட்டு வா. எல்லாருக்கும் ஒரே கலர். நீ மட்டும் அந்த சாம்பல் சட்டையில வந்து நின்னேன்னா ஃபிரேமே போயிடும்."

அந்த ஸ்வெட்டர் அவள் பைக்குள் இருந்தது. நெஞ்சில் ஒரு மான். மானின் மூக்கில் ஒரு குட்டி விளக்கு. பேட்டரி போட்டால் மினுக்கும். நாற்பத்தாறு வயதில், மூக்கு மினுக்கும் மானைச் சுமந்துகொண்டு தெருவில் நடக்கச் சொல்கிறான். பெரியவர் வீட்டு ஆள் வந்து பல்செட்டை வாங்கிக்கொண்டதும், அவள் பட்டறையைப் பூட்டினாள். சாம்பல் சட்டையிலேயே கிளம்பினாள்.

தம்பியின் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் பேச்சாளன். கம்பெனிகள் அவனைக் கூப்பிட்டு, தங்கள் ஊழியர்களுக்குக் குடும்பப் பாசத்தைப் பற்றிப் பேசச் சொல்கின்றன. 'ஒரு வேளையாவது எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள்' என்று அவன் சொல்லும்போது முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொள்பவர்கள் உண்டு. அவன் சாப்பிடுவது போன் முன்னால், தனியாக. தன் பேச்சைத் தானே கேட்டுக்கொண்டு.

இந்த வருடம் அவனுக்கு ஒரு புது யோசனை: 'எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ், அன்றும் இன்றும்.' பழைய வழக்கத்தை அப்படியே மறுபடி நடத்திப் படம் எடுத்து, ஊர் உலகத்துக்குக் காட்டப்போகிறானாம்.

அந்தப் பழைய வழக்கம் என்னவென்று தெரிந்தால் ஊர் உலகம் என்ன சொல்லுமோ.

அவர்களுடைய அப்பா தராசு இன்ஸ்பெக்டராக இருந்தவர். கடை கடையாகப் போய் எடைக்கல்லையும் படியையும் சோதிப்பது வேலை. கடைக்காரர்களை நடுங்கவைத்த அந்தப் பழக்கம் வீட்டு வாசலோடு நிற்கவில்லை. கறுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டில் பிள்ளைகளின் குற்றங்களை வருடம் முழுவதும் எழுதிவைப்பார். கிறிஸ்துமஸ் காலையில் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும், மரத்தடியில் சமையலறை முக்காலியைப் போடுவார். மரம் என்றால், மணல் நிரப்பிய தகர டப்பாவில் நட்டு, பஞ்சு ஒட்டிய ஒரு கிளை. பிள்ளைகள் ஒவ்வொருவராக முக்காலியில் ஏறி நிற்க வேண்டும். அவர் வாசிப்பார். சொந்தக்காரர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். "திருந்திக்கிறேன்" என்று சொன்ன பிறகுதான் பரிசு. அதுவும் காலுறையோ ஜாமெட்ரி பாக்ஸோ. அந்த நேரத்தில் அம்மா மட்டும் "கேக் கருகிடும்" என்று சமையலறைக்குப் போய்விடுவாள்.

முக்காலியில் நின்று இரண்டு முறை அரைக்கால்சட்டையை நனைத்த தம்பிதான் இன்று அதை, 'உறவுகளைச் செதுக்கிய பாரம்பரியம்' என்று சொல்லிக்கொண்டு திரிகிறான்.

சில வருடமாகத் தனியாக இருக்கிற பெரியவள், அப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். கூடத்தின் நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு பிளாஸ்டிக் மரம். போனில் தட்டினால் நீலமாகும், மறுபடி தட்டினால் ஊதாவாகும். அதன் அடியில் காலிப் பெட்டிகளுக்குப் பளபளக் காகிதம் சுற்றி அடுக்கியிருந்தார்கள். அவள் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். காற்று.

"அண்ணி, ஸ்வெட்டர்..." என்றாள் தம்பி மனைவி தயங்கியபடி. அவள் மூக்கும், அதாவது அவள் மானின் மூக்கும், மினுக்கியது.

"எனக்கு அரிக்கும்" என்றாள் பெரியவள்.

"எனக்கும்தான்" என்றாள் அவள், கணவனுக்குக் கேட்காத குரலில்.

நாற்காலியில் அப்பா. எழுபத்தொன்பது வயது. மூன்று வருடமாக ஞாபகம் தண்ணீரில் போட்ட காகிதம்போல ஊறிக்கொண்டிருந்தது. அவருக்கும் மான் ஸ்வெட்டர் மாட்டியிருந்தார்கள். ஒரு காலத்தில் அவர் செருமினால் தெருவே பேச்சை நிறுத்தும். இன்று அந்த நெஞ்சில் சிவப்பு மூக்கு எரிந்து எரிந்து அணைந்தது. பெரியவளுக்கு இரக்கம் வரவில்லை. பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான்.

பதினோரு மணிக்குச் சின்னவள் வந்தாள்.

பஸ் ஓட்டுகிறவள். காலை ஷிப்டு முடிந்து சீருடையிலேயே வந்திருந்தாள். முப்பத்துமூன்று வயதுக்குத் தோள் அகன்று, நடை நிதானமாகியிருந்தது. வாசற்படியில் காலை வைத்ததும் தம்பி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினான். வீடியோக்காரர் பின்னாலேயே ஓடினார்.

"பாப்பா! வந்துட்டியா!" என்று கட்டிக்கொண்டான். பிறகு, தோளுக்கு மேலே திரும்பி, "கிடைச்சுதா?" என்று கேட்டான்.

"தலை மறைச்சிடுச்சு சார்" என்றார் வீடியோக்காரர்.

"பாப்பா, ஒரே ஒரு தடவை. வெளியில போய் மெதுவா உள்ள வாயேன்."

சின்னவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "பஸ்ஸுக்குத்தான் ரிவர்ஸ் இருக்கு. எனக்கு இல்ல."

சமையலறையிலிருந்து அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஒன்றும் பேசாமல் சின்னவளின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். அதுவரை இறுகியிருந்த முகம் அந்தக் கைகளுக்குள் அப்படியே நெகிழ்ந்துபோனது. "இளைச்சிட்ட கண்ணு. போன ஞாயித்துக்கிழமை பேசும்போதே இருமிட்டிருந்த. மருந்து சாப்பிட்டியா?"

ஒன்பது வருடமாக ஞாயிறு தவறாமல் அம்மா அவளுக்குப் போன் செய்கிறாள். அது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

அக்கா தங்கை பேச்சு நீளவில்லை.

"நல்லா இருக்கியா?"

"ம். நீ?"

"இருக்கேன்."

சின்னவள் அப்பாவின் முன்னால் போய் நின்றாள். அவர் சீருடையை உற்றுப் பார்த்தார். "எல்லாரும் டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்டார்.



"எடுத்தாச்சு சார்" என்றாள் சின்னவள். நகர்ந்து, கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"சரி சரி, இந்த வெளிச்சம் மாறுறதுக்குள்ள முடிச்சிடலாம்." தம்பி கைதட்டினான். பரணிலிருந்து எடுத்துத் துடைத்துவைத்த கறுப்பு நோட்டை அப்பாவின் மடியில் வைத்தான். முதல் பக்கத்தில் ஒரு அச்சடித்த தாளைக் குத்தியிருந்தான். "அப்பா, இதை மட்டும் படிச்சாப் போதும். ஆசீர்வாதம். 'என் அன்புச் செல்வங்களே'ன்னு ஆரம்பிக்கும்."

பிறகு அவன் முக்காலியில் ஏறினான். நாற்பத்திரண்டு வயது, தொப்பை, மினுக்கும் மூக்கு. முக்காலி முனகியது. முகத்தில் பக்தியை வரவழைத்துக்கொண்டான்.

அப்பா கண்ணாடியைச் சரிசெய்தார். அச்சடித்த தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "இது என் எழுத்து இல்ல" என்று பிய்த்துக் கீழே போட்டார். பக்கத்தைப் புரட்டினார். அவர் முதுகு நிமிர்ந்தது. மூன்று வருடமாகக் காணாமல் போயிருந்த குரல் திரும்பி வந்தது.

"மகன். வயது பதினொன்று. பரீட்சையில் பக்கத்தில் இருந்தவன் விடையைப் பார்த்து எழுதினான். சொன்னது: பெரியவள்."

வீடியோக்காரர் முதலில் சிரித்தார். தம்பியும் சிரித்தான். "பாருங்க, எவ்வளவு அழகு! அந்தக் கண்டிப்புதான் என்னை..."

"மகன். வயது பதினான்கு. ஆராதனை நடக்கும்போது வெளியே போய் ஐஸ்கிரீம் தின்றான். சொன்னது: பெரியவள்."

இந்த முறை சிரிப்பு மெலிந்திருந்தது.

"இளையவள். வயது ஒன்பது. படுக்கையை நனைத்துவிட்டு விரிப்பை ஒளித்துவைத்தாள். சொன்னது: பெரியவள்."

கதவோரத்து நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. பெரியவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"எல்லாமே நீங்கதான் சொன்னீங்களா அண்ணி?" தம்பி மனைவி குற்றம் சாட்டவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. பிறகு மாமனாரின் தோளுக்கு மேலே குனிந்து நோட்டைப் பார்த்தாள். "மாமா, அண்ணியோட பக்கம் எங்க?"

"அவளுக்கு எதுக்குப் பக்கம்?" என்றார் அப்பா பெருமையோடு. "அவதான் எனக்குக் கண்ணு, காது எல்லாம். அவ இல்லாட்டி எனக்கு எப்படித் தெரியும்?"

உண்மைதான். முதல் வருடம் ஒரே ஒரு முறை முக்காலியில் நின்றாள் பெரியவள், எட்டு வயதில். அடுத்த வருடத்துக்குள் வழி கண்டுபிடித்துவிட்டாள். சனிக்கிழமைதோறும் அப்பாவின் மேஜைப் பக்கம் போய் நின்றால் போதும். தனக்குப் பக்கம் இல்லாமல் ஆக்கிக்கொள்ளலாம். தம்பியின் போலித்தனத்தையும் அம்மாவின் கோழைத்தனத்தையும் அப்பாவின் கொடுமையையும் இத்தனை வருடமாக உதட்டைச் சுழித்துப் பார்த்தவள், இந்த ஒன்றை மட்டும் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தாள்.

அப்பா கொத்தாகப் பக்கங்களைத் தள்ளினார். நோட்டின் கடைசிக்கு வந்துவிட்டார்.

"இளையவள். வயது இருபத்துநான்கு..."

பெரியவள் நான்கே எட்டில் போய் நோட்டைப் பறித்தாள்.

"அக்கா! என்ன பண்ற? எவ்வளவு இயல்பா வந்துட்டிருக்கு!" முக்காலியின் மேலிருந்து தம்பி கத்தினான். வீடியோக்காரரிடம், "நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க" என்றான்.

தம்பி மனைவி எழுந்துபோய், கேமராவின் கண்ணில் உள்ளங்கையை வைத்து மூடினாள். "போதும். இறங்குங்க" என்றாள் கணவனிடம். பன்னிரண்டு வருடக் கல்யாணத்தில் அவள் அந்தக் குரலில் பேசி யாரும் கேட்டதில்லை. பேச்சாளன் முக்காலியிலிருந்து இறங்கினான்.

பெரியவள் பின்கட்டுக்கு வந்துவிட்டாள். வாஷிங் மெஷினும் காயாத துணிகளும் இருந்த சின்ன இடம். அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

'இளையவள். வயது இருபத்துநான்கு. மணமாகாமல் கருவுற்றாள். ஐந்தாம் மாதம் இழந்தாள். வீட்டாரிடம் மறைத்தாள்.'

இதைத்தான் ஒன்பது வருடங்களுக்கு முன் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்க அவர் வாசித்தார். சின்னவள் அப்போது வேறு ஊரில் வேலையில் இருந்தாள். நடந்ததை அக்காவுக்கு மட்டும் கடிதத்தில் எழுதியிருந்தாள். 'யாருகிட்டயும் சொல்லாதக்கா' என்று அடியில் கோடு போட்டிருந்தாள். பெரியவள் தன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தாள். கடிதத்தைத் தன் மேஜை இழுப்பறையில் விரித்திருந்த காகிதத்துக்கு அடியில் வைத்தாள். பிறகு அந்தக் காலை. முக்காலியிலிருந்து சின்னவள் அவளைப் பார்த்த பார்வை.

நான் இல்லை என்று அவள் சொல்லவே இல்லை. சொன்னால் யார் நம்பியிருப்பார்கள்? அப்பாவே மேஜையைக் குடைந்திருப்பார் என்று தனக்குள் முடிவு செய்துகொண்டாள். சந்தேகப்பட்ட தங்கையைப் பதிலுக்கு வெறுக்கவும் கற்றுக்கொண்டாள்.

இப்போது கடைசி வரியைப் படித்தாள்.

'சொன்னது: இவள் தாய்.'

மறுபடியும் படித்தாள். அதே நேரான எழுத்து. இழுப்பறைகளில் காகிதம் மாற்றி விரிக்கிறவள். கேக் கருகிவிடும் என்று சமையலறைக்குப் போகிறவள். அன்று சின்னவள் போனபோது வாசலில் விழுந்து அழுதவள். ஞாயிறு தவறாதவள்.

"குடு."

சின்னவள் வந்து நின்றிருந்தாள். பெரியவள் நோட்டை மார்போடு சேர்த்து மூடிக்கொண்டாள்.

"என்னத்த?"

"என் பக்கத்தை நான் பாக்கணும்."

"வேண்டாம்."

"எல்லார் முன்னாடியும் நின்னு கேட்டவ நான். படிக்கக் கூடாதா?" குரல் உயரவில்லை. "சரி, வேணாம். ஒன்னே ஒன்னு சொல்லு. விரிப்பு விஷயமெல்லாம் விடு. அந்த லெட்டர்... அதையும் நீதான் சொன்னியா?"

மூடிய நோட்டுக்குள் பெரியவளின் விரல் அந்தப் பக்கத்திலேயே இருந்தது.

"சிக்னல்ல நிக்கும்போதெல்லாம் நினைப்பேன். ஒருவேளை அவ சொல்லியிருக்க மாட்டாளோன்னு. நான் எழுதினதைப் படிச்சுட்டு எப்படிச் சொல்ல மனசு வரும்னு. அம்மாதான் சொல்லுவாங்க, 'அவ சின்னதுலேர்ந்தே அப்படித்தான் கண்ணு, மன்னிச்சு விட்டுடு'ன்னு."

"எப்ப சொன்னாங்க?"

"எப்பன்னா? எத்தனையோ ஞாயித்துக்கிழமை."

கதவில் நிழல் விழுந்தது. கேக் வெட்டிவைத்த தட்டோடு அம்மா. பெரியவளின் கையிலிருந்த நோட்டையும், எந்தப் பக்கத்தில் அவள் விரல் இருக்கிறது என்பதையும் பார்த்தாள். அவள் முகத்தில் கெஞ்சல்கூட இல்லை. சமையலறைக்குத் திரும்பிப் போய்விடத் தயாரான அந்தப் பழைய முகம்தான்.

விரலை அந்த வரியில் வைத்து நீட்டினால் போதும். ஒன்பது வருடம் ஒரு நொடியில் தீரும்.

தீர்ந்த பிறகு என்ன நடக்கும் என்பதும் பெரியவளுக்குத் தெரிந்தது. அம்மா அழுவாள். நன்றாக அழத் தெரிந்தவள். ஒரு மாதத்தில் சின்னவள் மன்னித்துவிடுவாள், ஏனென்றால் அவளுக்கு வேறு யாரும் இல்லை. எல்லாம் கழுவித் துடைத்தாற்போல முடியும். அவ்வளவு மலிவாக அம்மாவை விடுவிக்கப் பெரியவளுக்கு மனம் இல்லை. அதோடு, ஒன்பது வயதுப் பிள்ளையின் ஈர விரிப்பை அப்பாவின் மேஜைக்குச் சுமந்துபோனது அவள்தான். அதை எந்தப் பக்கத்தைக் காட்டி மறைப்பது?

"நான்தான்" என்றாள், அம்மாவை நேராகப் பார்த்து. "நான்தான் சொன்னேன்."



"கேட்டா நீ ஒத்துக்குவேன்னு நான் நினைக்கல" என்றாள் சின்னவள். பிறகு திரும்பி, தட்டை ஒதுக்கிவிட்டு, அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "நீ சொன்னது சரிதாம்மா. விடு."

அம்மாவின் கை எழுந்து மகளின் முதுகைத் தட்டிக்கொடுத்தது. ஒரு முறை, இரண்டு முறை. பழகிய கை. அந்தத் தோளுக்கு மேலாக அவள் கண்கள் பெரியவளிடம் இருந்தன. அவள் வாயைத் திறந்தாள். சொல்லிவிடுவாள் என்றுதான் பெரியவள் ஒரு கணம் நினைத்தாள்.

"யாருக்காவது டீ போடட்டுமா?" என்று கேட்டாள் அம்மா.

பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்தாள். நோட்டைத் தன் பைக்குள் வைத்து, ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடினாள்.

"எனக்குப் போடும்மா" என்றாள். "இன்னும் ரெண்டு நாள் இங்கதான் இருக்கப்போறேன்."

அம்மாவின் பார்வை அந்தப் பையைவிட்டு அசையவில்லை.